அகிம்சைக்கு முகம் கொடுத்தவர்

சிட்டிபாபு கன்னத்தில் அறை வாங்கிய அன்றுதான் அகிம்சைச் சிலைக்கு முகம் கிடைத்தது.

மேடவாக்கத்திலிருந்து கோவிலம்பாக்கம் போகிற சாலையில் அப்போது உயிர்க்கணினிச் சிற்பக் கழகம் என்று ஒன்று இருந்தது. கலை, உயிரியல், கணினி மூன்றையும் சேர்த்துச் சிலை செய்வதற்காக, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மத்திய அரசு நிதியில் தொடங்கப்பட்டது. உயிரியலுக்கு ஒரு துறை, கணினிக்கு ஒரு துறை. சிற்பிக்கான பணியிடம் மட்டும் காலியாக இருந்தது. நேர்காணலுக்கு வந்த சிற்பிகளில் ஒருவரிடமும் முனைவர் பட்டம் இல்லை. பட்டம் வைத்திருந்த ஒருவர், தனக்கு உளி பிடிக்கத் தெரியாது என்று தானே ஒப்புக்கொண்டார். அவரை இயக்குநராகப் போட்டார்கள். அவர்தான் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன்.

சிட்டிபாபு கோவிலம்பாக்கத்துக்காரர். அவர் குடும்பத்து வயல்கள் வீட்டுமனைகளாகப் போன பிறகு ஒரு தண்ணீர் லாரி வாங்கி, மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கழகத்துக்கும் அவர் லாரிதான். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அடுக்குமாடிச் செயலாளர்கள் அவரைத் திட்டுவதற்கென்றே சில நாள் தண்ணீர் வரவழைத்தார்கள். வீட்டில் அவர் மனைவி செல்லியம்மாள் அவரை மண்ணாந்தை என்று கூப்பிடுவாள். அதற்கும் அவர் திரும்பிப் பார்ப்பார்.

அன்று கழக வாசலில் தேவானந்தம் என்ற புதுக் காவலாளி நின்றிருந்தான். லாரி பின்னால் வரும்போது இயக்குநரின் காரை உரசிவிடும் என்று பயந்து, ஓடிவந்து கதவைத் திறந்து சிட்டிபாபுவை ஓங்கி ஒன்று வைத்தான். கார் அங்கே இல்லை என்பது அதற்கப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது.

சிட்டிபாபு கன்னத்தைத் தடவிக்கொண்டு, மெல்லச் சிரித்து, "பரவால்ல தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லு, டயர் ஏறிடப் போவுது" என்றார்.

மாடி ஜன்னலில் நின்றிருந்த ஸ்ரீநிவாசராகவன் இதைப் பார்த்தார். டில்லி ஒரு அகிம்சைச் சிலை கேட்டிருந்தது. பல மாதமாக முகம் அமையாமல் நிதி திரும்பிப் போகிற நிலை. அவர் செருப்புப் போடாமலே கீழே இறங்கி வந்தார்.

"இந்தச் சிரிப்பைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்" என்றார். "நீங்கள் யார் தெரியுமா?"

"தண்ணி லாரி சார்."

"இல்லை. நீங்கள் ஒரு வரலாற்று வாய்ப்பு."

சிட்டிபாபுவுக்கு அது புரியவில்லை. ஆனால் தன் சாதுத்தனத்தை ஒருவர் குறையாகச் சொல்லாமல் நிறைவாகச் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. சொன்னவர் டாக்டர் வேறு. அவர் சரி என்றார்.

முதலில் முகத்தைக் கணினிக்குள் எடுக்க வேண்டும். அந்தத் துறையின் தலைவர் ஹேமநாத் ஒல்லியான, கண்ணாடி போட்ட, மிக மரியாதையான மனிதர். நாற்காலியில் உட்காரவைத்து, தலை அசையாமல் பட்டையால் கட்டி, சிவப்பு வெளிச்சம் வீசும் கருவியை முகத்தைச் சுற்றி நகர்த்தினார்கள்.

"நார்மலா சிரிங்க" என்றார் ஹேமநாத்.

சிட்டிபாபு சிரித்தார். ஹேமநாத் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது வெறும் சிரிப்பு. டைரக்டர் பார்த்தது மன்னிக்கிற சிரிப்பு. அது எப்படி வந்துச்சு?"

"அந்தத் தம்பி அடிச்சான் சார். அதுக்கப்புறம் வந்துச்சு."

"நான் பர்சனலா வன்முறைக்கு எதிரானவன்" என்று சொல்லிவிட்டு ஹேமநாத் தேவானந்தத்தைக் கூப்பிடச் சொன்னார்.

தேவானந்தம் மாட்டேன் என்றான். அடிப்பது தன் வேலை விவரத்தில் இல்லை என்றான். வாசலில் அடித்தது ஆர்வத்தில் நடந்தது என்றும், உத்தரவு இல்லாமல் மறுபடி முடியாது என்றும் சொன்னான். மாலைக்குள் இயக்குநரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. அதில் அறை என்ற சொல் எங்கும் இல்லை. 'கலை நோக்கிலான கன்னத் தூண்டல்' என்று இருந்தது. தூண்டுபவர் கைகழுவியிருக்க வேண்டும், மோதிரம் அணிந்திருக்கக் கூடாது, தூண்டப்படுபவரின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்று கண்டிருந்தது.

"கோச்சுக்காதண்ணா" என்று சொல்லிவிட்டுத் தேவானந்தம் தூண்டினான்.

சிரிப்பு வந்தது. ஆனால் கருவி ஒரு சுற்று முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. இடப்பக்கத்துக்கு ஒரு தூண்டல், வலப்பக்கத்துக்கு ஒன்று, மேலிருந்து ஒன்று, தாடைக்குக் கீழே நிழல் விழுந்ததால் இன்னொன்று. சில முறை மின்சாரம் போனது. போன இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். மூன்றாம் நாள் சிட்டிபாபுவின் காதில் ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் கேட்டது.

வீட்டில் செல்லியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எவன்யா அடிச்சது?"

"அடிக்கலமே. தூண்டறாங்க."

"இன்னாது?"

"செல செய்யறாங்கமே. எம் மூஞ்சி வெச்சி. டில்லிலேர்ந்துலாம் வந்து பாப்பாங்களாம்."

"உன் மூஞ்சில இன்னா கீதுன்னு டில்லிலேர்ந்து வர்றான்?"

"சாந்தம் கீதாம்" என்றார் சிட்டிபாபு. வீங்கிய வாயால் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. செல்லியம்மாள் உப்புப் போட்டு வெந்நீர் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எதற்கும் ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

கடைசிச் சுற்றில் ஒரு பல் விழுந்தது. அந்தப் பல்லால்தான் கழகத்துக்குள் போர் மூண்டது.

உயிரியல் துறைத் தலைவர் டாக்டர் ஜெயப்ரியா, பல் ஓர் உயிர்ப்பொருள், ஆகவே தன் துறையைச் சேர்ந்தது என்றார். தன் அறையில், தன் துறை நடத்திய வேலையில் விளைந்த பொருள் தனக்கே என்றார் ஹேமநாத். இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பிக்கொண்டார்கள். கடிதம் கொண்டுபோன உயிரியல் மாணவனைக் கணினி மாணவர்கள் படிக்கட்டில் மடக்கி மூக்கை உடைத்தார்கள். பதிலுக்கு உயிரியல் மாணவர்கள் கருவிகளின் முக்காலிகளைக் கழற்றிக்கொண்டு கணினி அறைக்குள் புகுந்தார்கள். ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கியது. ஒருத்தியின் நெற்றியில் தையல். கண்ணாடிக் கதவோடு சேர்ந்து வெளியே வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, தான் எந்தத் துறை என்று கேட்டார்.

இயக்குநர் எல்லோரையும் கூட்டிப் பேசினார்.

"துறைகள் ஒன்றோடொன்று உரச வேண்டும் என்பதே நமது கழகத்தின் நோக்கம். இதுவரை காகிதத்தில் மட்டுமே உரசிக்கொண்டிருந்தோம். இன்று உண்மையான கூட்டாய்வு தொடங்கியிருக்கிறது. இந்த ரத்தத்தை ஆண்டறிக்கையில் சேர்க்கிறோம்."

பல்லைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல்லின் சொந்தக்காரர் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

பல் கிடைக்காத ஜெயப்ரியாவுக்குத் தோல் கொடுப்பதாக முடிவாயிற்று. சிலையின் உடம்பு எலும்புத் தூளால் ஆனது. தாம்பரம், பல்லாவரம் இறைச்சிக் கடைகளிலிருந்து எலும்பு வாங்கி அரைத்து, அதை மெல்லிய அடுக்காகப் பரப்பி, பசை தெளித்து, அடுக்கின்மேல் அடுக்காக உருவத்தை எழுப்புகிற இயந்திரம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. அப்படி எழுந்த உருவத்தின்மேல் சிட்டிபாபுவின் தோலிலிருந்து வளர்த்த உயிருள்ள தோலைப் போர்த்துவது திட்டம். அந்தத் தோல் பட்டுப்போகாமலிருக்கக் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தைத் தினமும் ஊட்ட வேண்டும்.

அகிம்சைச் சிலைக்கு எலும்பும் ரத்தமுமா என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்.

"எந்த உயிரையும் நாங்கள் கொல்லவில்லை" என்றார் இயக்குநர். "கொன்றதை மட்டுமே வாங்குகிறோம். நாங்கள் அதிகமாக வாங்குவதால் அவர்கள் அதிகமாகக் கொல்கிறார்கள் என்றால், அது சந்தை சம்பந்தப்பட்டது. எங்கள் மனச்சாட்சி கலை சம்பந்தப்பட்டது."

ஜெயப்ரியா சிட்டிபாபுவின் தொடையிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்தார். அது ஆய்வகத்தில் பூஞ்சை பிடித்துப் போனது. இன்னொரு துண்டு எடுத்தார். அதைக் குளிர்பெட்டியில் வைத்த ஆள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கித் தன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டான். அதற்கடுத்தது பிழைத்தது.

"உங்க செல்ஸ் ரொம்ப கோஆபரேட்டிவ், சிட்டிபாபு" என்று ஜெயப்ரியா மனதாரப் பாராட்டினார். சிட்டிபாபு லுங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி லாரியில் ஏறினார். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் தொடையில் கட்டு நனைந்தது.

திறப்பு விழா செப்டம்பரில், உலக அமைதி நாளன்று. டில்லியிலிருந்து துறைச் செயலர் வருவதாக ஏற்பாடு. சிலையை முற்றத்தில் பீடமேற்றிக் கண்ணாடிக் கூண்டால் மூடியிருந்தார்கள். இரண்டு ஆள் உயரம். ஈரமான, வெளிர் சிவப்பு உடம்பு. அதன்மேல் சிட்டிபாபுவின் முகம், வீக்கத்தோடு சிரித்தது. வீக்கம் கருவியில் அப்படியே பதிவாகிவிட்டது. அதைக் கருணையின் செழிப்பு என்று அழைப்பிதழில் போட்டார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே நாய்கள் வந்துவிட்டன. முதலில் மதிலோரம் சில. பிறகு மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்தும், இறைச்சிக் கடை வாசல்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து, சிலை இருந்த திசையைப் பார்த்து உட்கார்ந்தன. குரைக்கவில்லை. அமைதி நாளுக்கு முன் அவற்றை அடித்து விரட்டச் சொல்லி உத்தரவு வந்தது. காவலாளிகள் அடித்தார்கள். அடிபட்டவை நொண்டிக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் பேரைக் கூட்டிவந்தன.

விழா அன்று செல்லியம்மாள் பட்டுச்சேலை கட்டி வந்தாள். பந்தலில் கூட்டத்தோடு உட்கார்ந்து, புருஷனின் முகம் மேலே மினுங்குவதைப் பார்த்தாள். "நல்லாத்தான்யா கீது" என்றாள். சிட்டிபாபுவுக்குக் கண் கலங்கியது.

செயலர் வந்தார். கூண்டுக் கண்ணாடியில் வெளிச்சம் அடிப்பதாகப் புகைப்படக்காரர் சொன்னதும், கண்ணாடியை எடுக்கச் சொன்னார். ஜெயப்ரியா தயங்கினார். இயக்குநர் தயங்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து கூண்டைத் தூக்கி எடுத்தார்கள். பந்தல் முழுக்க இறைச்சிக் கடை வாசம் பரவியது. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"வன்முறை என்பது நம் உடம்பிலேயே இல்லை என்பதை இந்த உடம்பு நிரூபிக்கிறது" என்று தொடங்கினார்.

செவலை நாய் ஒன்று மதிலேறிக் குதித்தது. அதன் பின்னால் மற்றவை வாசல் வழியாகவே வந்தன. முதல் நாய் சிலையின் முழங்காலைக் கவ்வியது. தோல் உரிந்து துணி மாதிரித் தொங்கியது. அடுத்த நாய்கள் எலும்புக்குப் போயின. வலது கை தோளோடு கழன்று விழுந்து, அதை இரண்டு நாய்கள் இரண்டு பக்கமும் இழுத்தன. இடுப்பில் விரிசல் விட்டது. தலை சரிந்து, ஹேமநாத்தின் பாதத்தில் விழுந்து, எலும்பு முறிகிற சத்தம் முன்வரிசைக்கெல்லாம் கேட்டது. எந்த எலும்பு என்பதில் சற்று நேரம் குழப்பம் இருந்தது. ஹேமநாத் அலறிய பிறகு தெளிவாயிற்று.

"சிலையைக் காப்பாற்றுங்கள்" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில்.

பந்தோபஸ்துக்கு வந்த போலீசும் காவலாளிகளும் தடியோடு இறங்கினார்கள். நாய்கள் குனிந்து தப்பின. குனியத் தெரியாத விருந்தினர்கள் வாங்கினார்கள். ஜெயப்ரியா, உரிந்த தோலைக் காப்பாற்றப் போய், மணிக்கட்டில் கடிபட்டார். செயலர் நாற்காலியின்மேல் ஏறி நின்றார். ஒரு நாய் எம்பி அவர் கெண்டைக்காலைப் பிடித்துத் தொங்கியது. அவருடைய உதவியாளர் அந்த நாய்க்கு வைத்த அடி செயலரின் முழங்காலில் விழுந்தது.

பீடம் காலியானது. புகைப்படக்காரர் மட்டும் கேமராவோடு நின்றிருந்தார்.

"திறப்பு விழாப் படம் இல்லாமல் அடுத்த தவணை நிதி வராது" என்று செயலரின் உதவியாளர் இயக்குநரின் காதில் சொன்னார்.

இயக்குநர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். சிட்டிபாபு மனைவியை ஒரு மேசைக்கு மேலே ஏற்றிவிட்டுக் கொண்டிருந்தார்.

"மூலப்பிரதி இருக்கிறாரே" என்றார் இயக்குநர்.

இரண்டு பேர் சிட்டிபாபுவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தில் நிறுத்தினார்கள். சட்டையைக் கழற்றினார்கள். நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று எலும்புத் தூளை அள்ளி மார்பிலும் முகத்திலும் அப்பினார்கள். நாய்கள் திரும்பிப் பார்த்தன.

"சார், நாய்ங்க வருது சார்" என்றார் சிட்டிபாபு.

"அசையாதீர்கள். ஒரே ஒரு படம். சிரியுங்கள்."

செவலை நாய் பீடத்தில் ஏறி, தோல் எடுத்த அதே தொடையில் கட்டோடு சேர்த்துக் கடித்தது. சிட்டிபாபு அசையாமல் நின்றார். இத்தனை தூரம் வந்தாயிற்று, ஒரு படம்தானே என்று நினைத்தார். சிரிக்கவும் பார்த்தார். உதடு விரிந்தது, சிரிப்பு வரவில்லை.

"தேவானந்தம், தூண்டல் கொடு" என்று இயக்குநர் கத்தினார்.

தேவானந்தம் தடியால் நாயை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். "சார், ரத்தம் ஊத்துது சார் அவருக்கு" என்றான்.

இயக்குநர் தானே பீடத்தில் ஏறினார். சுற்றறிக்கையில் சொன்னபடி மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சிட்டிபாபுவை ஓங்கி அறைந்தார்.

சிட்டிபாபு அவரைப் பார்த்தார். பிறகு மேசைமேல் நின்றிருந்த செல்லியம்மாளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் கால்களைச் சற்று அகட்டி ஊன்றிக்கொண்டார். வலது கையை மடக்கினார். அவசரப்படவில்லை. டாக்டர் ஸ்ரீநிவாசராகவனின் தாடையில் ஒரே ஒரு குத்து விட்டார். இயக்குநர் பீடத்திலிருந்து ஒலிவாங்கியின்மேல் விழுந்தார். அந்தச் சத்தம் மேடவாக்கம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

புகைப்படக்காரர் அந்தப் படத்தைத்தான் எடுத்திருந்தார்.

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்கான வரிசையில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டிபாபு, பக்கத்தில் செல்லியம்மாள், ஜெயப்ரியா, தேவானந்தம், காலில் மாவுக்கட்டோடு ஹேமநாத், ஓரத்தில் தாடையைத் துணியால் தலையோடு கட்டிய இயக்குநர். நர்ஸ் ரத்தினபாய் பேர் கூப்பிடும்போது டாக்டர் என்ற பட்டத்தை யாருக்கும் சேர்க்கவில்லை. நாய்க்கு அதெல்லாம் தெரியாது, எனக்கு நேரமில்லை என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் வில்பிரட் வாக்குமூலம் வாங்க வந்தார். அவருக்கும் முழங்கையில் கடி.

"கேஸே வேண்டாம்" என்றார் இயக்குநர், பல்லைக் கடித்தபடி. வாயைத் திறக்க முடியவில்லை. "அவர் அடிக்கவில்லை. கால் வழுக்கியது. கை பட்டது. அகிம்சைக்கு மாடலாக இருந்தவர் அடித்தார் என்று பதிவானால், நாங்கள் டில்லியில் வாங்கிய நிதி முழுக்கத் திருப்பிக் கேட்பார்கள்."

"அது ஒரு ரிஃப்ளெக்ஸ்" என்றார் ஜெயப்ரியா. "நரம்பு இழுத்திருக்கும்."

"எங்க டேட்டால அப்படி ஒரு மூவ்மெண்டே கிடையாது" என்றார் ஹேமநாத்.

வில்பிரட் சிட்டிபாபுவைப் பார்த்தார். "இன்னாப்பா, வழுக்கிச்சா?"

செல்லியம்மாள் புருஷனின் காதில், "வழுக்கிச்சுன்னு சொல்லிட்டு வாய்யா, வூட்டுக்குப் போலாம். ஜெயிலு கியிலுன்னு போனா லாரிய யார் ஓட்டறது?" என்றாள்.

சிட்டிபாபு எழுந்து நின்றார். நொண்டிய காலை நேராக்கிக்கொண்டார்.

"வழுக்கல சார். அடிச்சேன்."

"கோவத்துல கை போயிடுச்சா?"

"கை தானா போவல சார். நான்தான் கொண்டாந்து அடிச்சேன். அப்படியே எழுதிக்குங்க."

"கெஞ்சிக் கேட்கிறேன், சிட்டிபாபு" என்றார் இயக்குநர். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது. "உங்களை எவ்வளவு உயரத்தில் வைத்தோம்."

சிட்டிபாபு வழக்கமாகச் சொல்லும் பதில் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

தாம்பரம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அடி வாங்கியவர் சாட்சிக் கூண்டில் ஏறி, தன்னை யாரும் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். தாடை அப்போதும் சரியாகச் சேராததால் சத்தியத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள். நீதிபதி புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். மெதுவாக ஒருமுறை இயக்குநரைப் பார்த்தார். சிட்டிபாபு கோர்ட் கலைகிறவரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தண்டனை சொன்னார். சிட்டிபாபு ஒரு முழு நாளும் மின்விசிறிக்கடியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். செல்லியம்மாள் எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

கழகம் விடவில்லை. தண்டிக்கப்பட்டவர் நிரபராதி என்றும், அவருக்குத் தண்டனை கொடுத்தது பெரும் அநீதி என்றும், அவரை விடுவிக்க வேண்டும் என்றும் கேட்டு மேல்முறையீடு செய்தது. அதற்காக ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தியது. தன் தண்டனையைக் காப்பாற்றிக்கொள்ள சிட்டிபாபுவும் வக்கீல் வைக்க வேண்டியதாயிற்று. வக்கீல் நிலைமை மோசம் என்றார். எதிர்த்தரப்பில் நிபுணர்கள் அதிகம். சிட்டிபாபு சாதுவானவர் என்பதை அறிவியல்பூர்வமாக நிரூபித்துவிடுவார்கள் போலிருக்கிறது.

அன்று மாலை சிட்டிபாபு லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். செல்லியம்மாள் குழாயை அடைத்துவிட்டுக் கேட்டாள்.

"கேஸ்ல தோத்துட்டா இன்னாய்யா பண்ணுவ?"

"தோத்துட்டா நான் அடிக்கலன்னு ஆயிடும்மே" என்றார் சிட்டிபாபு. துணியைப் பிழிந்து பம்பரில் காயப்போட்டார். குரல் எப்போதும்போல் தணிந்துதான் இருந்தது. "அப்புறம் திரும்பப் போய் அடிக்க வேண்டிதுதான்."